சீட்டுக்கு அடியில் ஒரு கூடு

சாவியைத் திருகினால் குட்டியானை லோடுவண்டி உறுமும். பனிக்காலமென்றால் ரெண்டு இருமல் இருமிவிட்டு உறுமும். பேட்டரி இறங்கிக் கிடந்தால் டக்டக்கென்று நாக்கையாவது தட்டும். இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. அழகுமலை இன்னொரு தரம் திருகினான். மீட்டர் பலகையில் ஒரு சிவப்புப் பொட்டுகூட எரியவில்லை. செத்த மாட்டின் காதில் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாதவன் மாதிரி மறுபடி திருகினான். கெட்ட சேதியை வாசலிலேயே நிறுத்திவைத்தால் அது திரும்பிப் போய்விடும் என்று நினைக்கிறவர்களில் அவனும் ஒருத்தன். வீட்டுக்குள் தனபாக்கியம் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். சீப்பை ஜன்னல் கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. ஆறாம் மாசத்து ஸ்கேன். விருதுநகர் போகவேண்டும். ஆறாம் மாசம் என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அஞ்சுக்கு அடுத்தது, ஏழுக்கு முந்தினது என்று சுற்றிக்கொண்டு போவார்கள், கிணறு இருக்கிற இடத்தை இருட்டில் சுற்றிப் போகிற மாதிரி. மூணு வருசத்துக்கு முன்னால் முதல் பிள்ளை அந்த மாசத்தில்தான் போனது. இந்த மாசத்தைத் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் சாமி பார்த்துக்கொள்ளும் என்று அவன் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டு கிடக்கிறான், தாண்டவேண்டிய நாளில் பார்த்து வண்டி செத்துக் கிடக்கிறது. "எய்யா, ராகுகாலத்துக்கு முந்திக் கெளம்பிருங்க," என்று அவன் அம்மா வெள்ளத்தாய் உள்ளேயிருந்து சொன்னாள். "கெளம்பிட்டோம், கெளம்பிட்டோம்," என்றான், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

புண்ணாக்கு வாசனை. எண்ணெய் மில்லிலிருந்து கடலைப் புண்ணாக்கு மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு வேறென்ன வாசனை அடிக்கும். கழுவினாலும் போகாது. பலகை இடுக்கில், பாயின் மடிப்பில், அவன் சட்டைக் காலரில்கூட அந்த வாசனைதான். எலிக்கு அது கல்யாண வீட்டுச் சாம்பார் வாசனை மாதிரி. அதுகளைச் சொல்லி என்ன குற்றம். கூப்பிட்டால் வரத்தான் செய்யும். முதலில் கிரைண்டர் வயரைக் கடித்தது. அம்மா மாவாட்டப் போய் சுர்ரென்று கையில் இழுத்து, ஒரு நாள் பூராவும் விரலை ஊதிக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாஷிங் மெசின். தண்ணீர் அடுப்படி வரைக்கும் ஓடிவந்தது. மெசினைச் சாய்த்துப் பார்த்தால், அடிக்குழாயைக் கடித்துப்போட்டுவிட்டு உள்ளே கடலைத் தோலும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் வைத்து மெத்தை போட்டிருந்தது; பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் பூராவும் இருந்தது, பொண்ணு பேரை மட்டும் தின்றுவிட்டது. அப்புறம் பிரிட்ஜுக்குப் பின்னால் போகிற வயர். "மருந்து வைங்க," என்று தனம் சொன்னாள். அவன் எலிப்பொறி வைத்தான். பொறியில் விழுந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓடைக்கு அந்தப்பக்கம் திறந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தான். பக்கத்து வீட்டு இருளாயி மதினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பாள். "அது ஒங்களுக்கு முந்தி வந்துருச்சு கொழுந்தனாரே. ஒங்க வண்டியிலயே ஏறி வந்திருக்கும், டிக்கெட்டு எடுத்துச்சான்னு கேளுங்க," என்றாள். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். அழகுமலை வீட்டு எலிகளுக்கு ரேசன் கார்டு போட்டாச்சு என்றார்கள். அவனும் சிரித்தான். கொசுவைக்கூட அடிக்காமல் ஊதிவிடுகிற ஆளைப் பார்த்து வேறென்ன செய்வார்கள். மாசமாக இருக்கிறவளின் புருசன் உயிரைக் கொல்லக்கூடாது, கோழி அறுக்கக்கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது, தாடி எடுக்கக்கூடாது, பாடை தூக்கக்கூடாது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனால் ஊரில் பாதிப்பேர் பாதியைத்தான் கடைப்பிடிப்பார்கள். பிராய்லர் கடைக்காரன் பொண்டாட்டிக்குப் பிள்ளை பிறக்கவில்லையா என்ன. வெட்டுகிற கத்தியை மச்சான் கையில் கொடுத்துவிட்டு அவன் துட்டு வாங்கிப் போடுவான், அவ்வளவுதான். இவன் மட்டும் ஏன் இப்படி ஆகிப்போனான் என்று தனத்துக்கே புரியவில்லை. அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது என்றுதான் இவன் தாடிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு திரிகிறான்.

இறங்கி அந்தப்பக்கம் வந்து, அவள் உட்காருகிற சீட்டின் கொக்கியை விடுவித்தான். குட்டியானைக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கவேண்டும். தூக்குவதற்கு முன்னால் கை கொஞ்சம் நின்றது. கொல்லக்கூடாது என்பது அவனுக்கு அன்றைக்கும் தெரியும். மூணு வருசத்துக்கு முன்னாலும் அம்மா இதையேதான் சொன்னாள், இவனும் தாடி வளர்த்தான், பெரியப்பா செத்ததற்குத் தோள் கொடுக்காமல் ஒதுங்கி நின்றான், மாரியம்மன் கோயிலில் தேங்காயைப் பூசாரி கையிலேயே கொடுத்து உடைக்கச் சொன்னான். எல்லோரும் பார்க்கிற இடத்தில் எல்லாம் சரியாக இருந்தான். அப்போதும் எலி வண்டி வயரைத்தான் கடித்தது, நடுரோட்டில் மூட்டையோடு நிறுத்திவிட்டது, மில்லில் கணக்கப்பிள்ளை நாலு பேர் முன்னால் ஏசினான். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். பஸ் ஸ்டாண்டில் எலி பிடிக்கிற பசை அட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள், புத்தகம் மாதிரி மடக்கி இருக்கும், விரித்து வைத்தால் போதும். வண்டி நிறுத்துகிற செட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் விரித்து வைத்தான். கொல்லத்தானே கூடாது, ஒட்டத்தானே செய்கிறது என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து பேசினான். காலையில் போனால் ஒரு எலி ஒட்டிக் கிடந்தது. பக்கவாட்டில் கிடந்தது. வயிற்றில் காம்புகள் பருத்து நின்றன. பால் குடுக்கிற எலி. அவனுக்கு அது தெரியாமல் இல்லை, கண்ணால் பார்த்தான், தெரிந்தது. அது தலையைத் தூக்கி எங்கேயோ ஒரு மூலையைப் பார்த்துக் கீச்கீச்சென்றது. அந்த மூலையிலிருந்து பதிலுக்கு ஒன்று கேட்டதா, கேட்கவில்லையா? கேட்டது என்று சில ராத்திரி தோன்றும். கேட்கவில்லை, அது இவனாகச் சேர்த்துக்கொண்டது என்று சில ராத்திரி தோன்றும். அட்டையை மடக்கினான். புத்தகத்தை மூடுகிற மாதிரி. மூடினபிறகும் அது உள்ளே கத்திக்கொண்டே இருந்தது. சாக்கடையில் எறிந்துவிட்டு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தனம் போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்தான். அந்தக் காப்பி நன்றாக இருந்தது. அதுதான் இன்றைக்கு வரைக்கும் தொண்டையில் நிற்கிறது, காப்பி நன்றாக இருந்தது என்பது.

கொஞ்ச நாளில் தனத்துக்குப் பனிக்குடத் தண்ணி வத்திப்போனது. டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாள். யார் மேலயும் தப்பில்லப்பா, இது சில பேருக்கு ஆகுறதுதான் என்றாள். யார் மேலயும் தப்பில்ல. அந்த அம்மாவுக்குப் பசை அட்டை தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாள், படித்தவள், எலிக்கும் பனிக்குடத்துக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்டிருப்பாள். சம்பந்தம் இல்லைதான். இவனும் பத்தாப்பு வரைக்கும் போனவன்தான், இவனுக்கும் தெரியும். ஆனால் தெரிவது ஒரு பக்கம் கிடக்கிறது, பயப்படுவது ஒரு பக்கம் கிடக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் வயர் அறுந்துபோயிருக்கிறது, இந்தப் பக்கம் சாவியைத் திருகினால் அந்தப் பக்கம் லைட் எரிவதில்லை. தெருமுனைப் பிள்ளையாருக்கு வாராவாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவான். பார்க்கிறவர்கள் பக்திமான் என்பார்கள். பிள்ளையார் தலையில் பேருக்கு ஒரு சிறங்கை ஊற்றிவிட்டு மிச்சம் பூராவையும் காலடியில் கிடக்கிற கல் மூஞ்சூறுக்கு ஊற்றிவிட்டு வருவான். யாரும் கவனித்ததில்லை. சாமிக்குத் தெரியும், சாமி கண்டுக்கிடவில்லை.

சீட்டைத் தூக்கினான். மொச்சென்று எலி மூத்திர வாடை மூஞ்சியில் அடித்தது. இன்ஜினுக்கு மேலே, காற்று வடிகட்டிப் பெட்டிக்கும் வயர்க் கட்டுக்கும் நடுவில், ஒரு கூடு. தேங்காய் நார், சாக்குப் பிசிறு, மில்லு ரசீதுத் துண்டு, சீட்டிலிருந்து பிடுங்கின பஞ்சு. வயர்க் கட்டு தோலுரித்த மாதிரி கிடந்தது, செம்பு பளிச்சென்று தெரிந்தது, ரெண்டு வயர் துண்டாகவே அறுந்துவிட்டது. கூட்டுக்குள் ஏதோ நெளிந்தது. குனிந்து பார்த்தான். குட்டிகள். பிறந்து ரெண்டு நாள் இருக்குமா, மில்லு லீவென்று வண்டியை எடுக்காமல் விட்ட நாலு நாளைக்குள்தான். முடி இல்லை. கண் இல்லை, கண் இருக்கவேண்டிய இடத்தில் தோலுக்கு அடியில் ஒரு நீலக் கறை. சுண்டுவிரல் முனை அளவு ஒவ்வொன்றும், ரோஸ் கலரில், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்துக்கு அந்தப்பக்கம் ஒரு காக்கா கம்பத்தில் உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தான். இந்த மாதிரி ஒரு தோலை அவன் முன்னமே பார்த்திருக்கிறான். வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். இன்ஜின் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தான். தனம் இந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பாள், பைல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அடியில் சூடேற ஏற இதுகள் வெந்துபோயிருக்கும். விருதுநகர் போய்ச் சேருவதற்குள் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இவனுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் செய்தால் கணக்கில் வருமா? வந்திருக்கும். அவன் கணக்கில் எல்லாம் வரும். ஆனால் தாய் வயரைக் கடித்துவிட்டது. கடித்ததினால்தான் ஓடவில்லை. கேடு செய்ததினாலேயே தன் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டது, அது தெரிந்தா செய்தது, பல் நமநமத்தது, கடித்தது. தெரியாமல் செய்த நல்லது கணக்கில் வருமென்றால் தெரிந்து செய்த கெட்டது எங்கே போய் நிற்கும். நின்ற இடத்தில்தான் நிற்கும். செல்போனை எடுத்து வயரிங் பார்க்கிற சையதைக் கூப்பிட்டான். "அண்ணே, மறுபடியுமா? ஒங்க வண்டிய நான் மொத்தமா வாங்கி எலிக்கே எழுதி வச்சிர்றேன்," என்றான் சையது. குட்டி கிடக்கிறது என்றான் இவன். "அத எடுத்து ரோட்டுல போடுங்க, காக்கா பாத்துக்கிரும். சாவியத் திருகிடாதீங்க, வயரு ஒண்ணோடொண்ணு ஒட்டுனா தீப்பிடிச்சுக்கிரும். மத்தியானம் வர்றேன்." போனை வைத்துவிட்டான். கம்பத்தில் காக்கா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அதற்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

எடுக்கத்தான் வேண்டும். முறத்திலோ அட்டையிலோ வாங்கி, செட்டு மூலையில் வைத்தால் தாய் வந்து கவ்விக்கொண்டு போகாதா. போகும் என்பார்கள், மனுசக் கை பட்டால் போகாது என்பார்கள். கை படாமல் எடுக்கலாம் என்று கூட்டின் ஓரத்தை ஒரு ஸ்பேனரால் மெதுவாக நெம்பினான். பஞ்சு விலகியது. அடியில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. புளியம்பூ மஞ்சள், அதில் வெள்ளைப் புள்ளி. துணி. கிழித்துக் கிழித்துச் சுருட்டி, குட்டிகள் படுக்கிற இடத்தில் மட்டும் அதை வைத்திருந்தது. நாரும் சாக்கும் வெளியே, இது உள்ளே, உடம்பு படுகிற இடத்தில். ஒரு துண்டு ஓரமாகத் தொங்கியது. அதைப் பிடித்து இழுத்தான். சுங்குடிப் புடவைத் துணி. ஓரம் கையால் மடித்துத் தைத்திருந்தது, மஞ்சள் துணிக்குச் சிவப்பு நூலில். அவன் அங்கேயே, வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். மஞ்சள் நூல் தீர்ந்துபோச்சு, சிவப்புலயே தைக்கிறேன், பிள்ளைக்கு என்ன தெரியவா போகுது என்று தனம் சொன்னது எந்த மாசம்? நாலா, அஞ்சா. அவள் அம்மா கட்டி நைந்த சுங்குடி. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் படுக்கவைக்கக்கூடாது, வாழ்ந்தவர்கள் கட்டின துணிதான் மெத்தென்று இருக்கும், ஆயுசும் ஒட்டும் என்று, அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, மத்தியான வேளையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு தைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். இவன் புண்ணாக்குக் கையோடு ஒன்றைத் தொட்டுவிட்டான் என்று அதை மட்டும் மறுபடி துவைத்தாள். எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அந்த அடுக்கு கட்டில் தலைமாட்டில் இருந்தது. கண்ணுல படாம தூக்கிப் போட்டுரு என்றான். எப்படிச் சொன்னான், கத்தியா, மெதுவாகவா. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. எருமைத் தொழுவில் சாணியை அள்ளிப் போடு என்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னான். மறுநாள் போட்டியா என்று கேட்டான். போட்டுட்டேன் என்றாள். அதோடு சரி. அப்புறம் அவள் ஒருநாளும் அதைப்பற்றிப் பேசவில்லை. மாவாட்டினாள், தண்ணீர் பிடித்தாள், சீரியல் பார்த்தாள், இருளாயி மதினியோடு சிரித்தாள். பொம்பளைக்கு மறதி சாமி கொடுத்த வரம், தேறிட்டா என்று அவன் நினைத்தான். தேறாதது தான் ஒருத்தன்தான், பாவம் செய்தவன் தான் ஒருத்தன்தான் என்று, அதில்கூட ஒரு மாதிரி பெருமை இருந்திருக்கிறது, இப்போது நினைத்தால் கூசுகிறது. வாராவாரம் கல் எலிக்குத் தண்ணீர் ஊற்றினான். சாக்கடையைத் தாண்டும்போதெல்லாம் மனசுக்குள் கும்பிடு போட்டான். ஒரு எலியிடம் எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டிருப்பான். பக்கத்தில் படுத்திருக்கிறவள் பக்கம் திரும்பி, தூங்கிட்டியா என்றுகூடக் கேட்டதில்லை. அவள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது. இத்தனை வருசமும் இந்தத் துணி இந்த வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. அவன் தலைக்கு மேலே பரணிலோ, கட்டிலுக்கு அடியிலோ. அவன் போன பிறகு எடுத்துப் பார்த்திருப்பாளா. மோந்து பார்த்திருப்பாளா. மடிப்பு நைந்திருக்கிறது, பிரித்துப் பிரித்து மடித்தால்தான் அந்த இடம் அப்படி நையும். எலிக்குத் தெரிந்திருக்கிறது அது எங்கே இருக்கிறதென்று. இவனுக்குத் தெரியவில்லை.

"என்னங்க, எடுக்கலையா?" தனம் வாசற்படி இறங்கி வந்தாள். ஒரு கையில் ஆஸ்பத்திரி பைல் போட்ட கட்டைப்பை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். பச்சைச் சேலை, தலையில் கொஞ்சம் மல்லிகை. அவன் துணியை மறைக்கப் பார்த்தான், அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. அவள் பையைக் கீழே வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து கூட்டுக்குள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் அருவருப்பும் இல்லை, பயமும் இல்லை, தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கிற முகம்.

"பரண்லயா வச்சிருந்த?"

"ம். பழைய குக்கர் டப்பாவுல."

"போட்டுட்டேன்னு சொன்ன."

"போடச் சொன்னீங்க. போட்டுட்டேன்னு சொன்னேன்."

அவன் ஸ்பேனரைக் கை மாற்றினான். "எலி புகுந்தது தெரியாதா ஒனக்கு?" என்றான், கேட்கவேண்டியது அது இல்லை என்று தெரிந்துகொண்டே.

"தெரியும். மத்தியானம் படுத்திருந்தேன், மேல கரமுரன்னு சத்தம். பாத்தா இதுல ஒரு துண்ட வாயில கவ்விக்கிட்டு வயர் மேல நடந்து போகுது. கயித்துல நடக்குற சர்க்கஸ்காரி மாதிரி. மொத நாளு வெரட்டத்தான் எந்திரிச்சேன். அதுக்கும் வயிறு தொங்குச்சு, எனக்கும் தொங்குது. என்னத்துக்குன்னு படுத்துட்டேன். மறுநாளும் வந்துச்சு. சும்மாதான கெடக்குது, ஏதோ ஒரு பிள்ள படுத்துக்கிறட்டும்னு விட்டுட்டேன். ஒங்க வண்டிக்குள்ளதான் கொண்டாந்து போடும்னு யாரு கண்டா."

"மருந்து வை மருந்து வைன்னு நீதான சொல்லிக்கிட்டிருந்த?"

"அது அதுக்கு முன்னாடி."

அவள் சிரிக்கிற மாதிரி இருந்தது, சிரிக்கவில்லை. பசை அட்டையைப்பற்றி இப்போது சொல்லிவிடலாம் என்று அவனுக்கு வாய்வரைக்கும் வந்தது. இதைவிட நல்ல சமயம் வராது. சொன்னால் அவள் ஏசுவாள், இல்லை அழுவாள், இல்லை அதனால ஒண்ணுமில்லங்க என்று இவன் தலையைத் தடவிக் கொடுப்பாள். எப்படியும் அது இவனுடைய பாரமாகத்தான் இருக்கும், அதையும் அவள் வயிற்றோடு சேர்த்துத் தூக்கவேண்டியிருக்கும். அவன் அதை விழுங்கிவிட்டான். இந்தத் தரம் விழுங்கினது ஒளிப்பதற்காக இல்லை. கையிலிருந்த மஞ்சள் துண்டை நீவி, நெளிகிற குட்டிகளுக்கு மேலே போர்த்தின மாதிரி வைத்தான். சீட்டை இறக்கினான், கொக்கியை மாட்டவில்லை, தாய் வந்து போக இடுக்கு விட்டான். சையதுக்குப் போன் போட்டான்.

"சையது, மத்தியானம் வரவேணாம்."

"அப்ப எப்பண்ணே?"

"கண்ணு தெறக்கட்டும்."

"யாருக்கு?" என்றான் சையது. இவன் வைத்துவிட்டான். உள்ளேயிருந்து அம்மா, வண்டிச் சத்தத்தையே காணோமே என்று கேட்டாள். பஸ்ஸில் போகிறோம் என்றான். நிறைவயித்துக்காரியை பஸ்ஸில் குலுக்கிக் கூட்டிப் போகிறானே கிறுக்குப்பய என்று அவள் ஆரம்பித்தாள், சந்து திரும்புகிற வரைக்கும் அது கேட்டுக்கொண்டே வந்தது. இருளாயி மதினி முறத்தை நிறுத்திவிட்டு, "என்ன கொழுந்தனாரே, வண்டிய வாடகைக்கு விட்டாச்சா?" என்றாள். "ஆமா மதினி, குடும்பத்தோட குடியிருக்காங்க," என்றான். தனம் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் வேப்பமர நிழல் ஒரு கை அகலம்தான் இருந்தது. அவளை நிழலில் நிறுத்திவிட்டு அவன் வெயிலில் நின்றான். கட்டைப்பை அவன் கையில். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும், இன்றைக்கு அந்த மெசினில் அந்த டக்டக் கேட்கவேண்டும், முதல் பிள்ளைக்கு வந்தபோது அந்தச் சின்ன வயசு டாக்டர் மெசினை இங்கேயும் அங்கேயும் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, இருங்கம்மா என்று எழுந்து போனாளே, அதுதான் ஓடும். இவனுக்கும் அதுதான் ஓடுகிறது. ரெண்டு பேருக்கும் ஒரே படம் ஓடுகிறது, இத்தனை வருசமும் தனித்தனிக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். மாமாவும் அவனும் புதைக்க ஆட்டோவில் கொண்டுபோனார்கள். பெரியப்பாவுக்குத் தோள் கொடுக்காதவன் அதை மடியில் வைத்துக்கொண்டு போனான். ஒரு பப்பாளிப் பழம் கனம்கூட இல்லை. ஆட்டோ குலுங்கினபோது துணி விலகியது. அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மாமா அந்தப்பக்கம் திரும்பியிருந்தார். பார்த்துவிட்டு அவனே துணியை இழுத்து மூடினான். திரும்பி வந்ததும் தனம் படுக்கையிலிருந்தபடியே கேட்டாள், யாரு மாதிரி இருந்துச்சு என்று. பாக்கல, துணி சுத்தியிருந்துச்சு என்று சொல்லிவிட்டு, மாத்திரை வாங்கப் போகிறவன் மாதிரி வெளியே போய்விட்டான். அவள் ஒருதரம்தான் கேட்டாள். அவளுக்கு இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் அவன் ஒருத்தன்தான். கையில் வைத்துக்கொண்டே இல்லையென்று சொல்லிவிட்டான்.

"தனம்."

"ம்."

"அன்னைக்கு நான் பாத்தேன்."

அவள் எதை என்று கேட்கவில்லை. கட்டைப்பையின் காது அவன் விரலில் அறுத்தது. தூரத்தில் பஸ் வளைவு திரும்பி வந்தது. கூட்டம் இல்லை. ஜன்னலோரச் சீட்டுகூடக் காலியாக இருந்தது. அவர்களுக்கு நேராக வந்து நின்று, கண்டக்டர் விருதுநகர் விருதுநகர் என்று கதவைத் தட்டினார். அவன் ஏறுவதற்காகப் பையைத் தோளில் மாட்டினான். தனம் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இது போகட்டும்," என்றாள். "சொல்லுங்க."

"காது ஒன்னைய மாதிரி இருந்துச்சு," என்றான்.